அவையும் தேர்வறையும்

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்துக்கும், குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும் ஜூன் மாதத்துக்கும் இடைப்பட்ட நாள்களில், தென்காசிப் பக்கத்து வீடுகளுக்கு வரும் விருந்தினர் கேட்கும் முதற்கேள்வி ஒன்றுதான்: எத்தனை மார்க்? பையன் என்ன படித்தான், எந்தப் பாடம் அவன் மனத்தைத் தொட்டது, எங்கே தடுமாறினான் என்பவற்றை யாரும் கேட்பதில்லை. எண்ணைச் சொன்னதும் பேச்சு வேறு திசைக்குப் போய்விடுகிறது. அந்த எண்ணுக்கு நாம் அத்தனை பழகிவிட்டோம்.

கல்வி குறித்த கருத்தரங்குகளில் இப்போது ஒரு பாகுபாடு வழக்கமாகச் சொல்லப்படுகிறது. மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு ‘மரபான’ மதிப்பீடு. வாய்மொழித் தேர்வு, குழு உரையாடல், செய்முறை, ஒப்படைப்பு, சக மாணவருக்குக் கற்பித்துக் காட்டல் ஆகியவை ‘மாற்று’ மதிப்பீடு. கேட்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப்பக்கத்து வரலாற்றை வைத்துப் பார்த்தால் இந்தப் பெயர்கள் இடம் மாறிக் கிடப்பது தெரியவரும். மாற்று என்று நாம் சொல்பவையே இங்கே பல நூற்றாண்டுகளாக இருந்து வந்தவை. மரபு என்று சொல்லப்படும் எழுத்துத் தேர்வு நேற்று வந்தது. அதற்கு வயது 170கூட ஆகவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து, எது எதை அளந்தது, யார் முன்னிலையில் அளந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

தென்காசியை ஆண்ட பிற்காலப் பாண்டியருள் அதிவீரராம பாண்டியர் புலவர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். ‘நைடதம் புலவர்க்கு ஔடதம்’ என்ற வழக்கால் அவருடைய நைடதத்தை இலக்கிய வாசகர் அறிவர். ஆனால் அதைவிடப் பரவலாகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் நாவில் புழங்கியது அவருடைய சிறு நூலான வெற்றிவேற்கை. நறுந்தொகை என்பதும் அதன் பெயர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றோடு திண்ணைப் பள்ளிகளில் பாடமாக இருந்த நூல் அது. மன்னர் ஒருவர் எழுதியது சிற்றூர்த் திண்ணை வரை இறங்கிப் பாடநூலாகியிருக்கிறது. தென்காசிக்கும் தமிழ்க் கல்விக்கும் உள்ள தொடர்பில் இதனை முதலில் சொல்ல வேண்டும்.

திண்ணைப் பள்ளியில் தேர்வு என்று தனியே ஒரு நாள் கிடையாது. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, கை திருந்தியது என்று ஆசிரியர் கண்டபின் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போவான். எண்சுவடி வாய்பாட்டை மற்றப் பிள்ளைகள் கேட்க உரக்கச் சொல்வான். தவறினால் அந்த இடத்திலேயே திருத்தப்படுவான். வீட்டுக்குப் போகும்முன் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவதும், மறுநாள் காலையில் அதை அவன் நினைவிலிருந்து ஒப்பிப்பதும் உண்டு. கற்பதற்கும் அளப்பதற்கும் நடுவே சுவர் இல்லை. அடுத்த படிக்குப் போகலாமா, கூடாதா என்பது ஒன்றே முடிவு.

இந்த மனப்பாடத்தை வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று தள்ளிவிடுவது எளிது. செந்தில் பாபு 2022இல் வெளியான தம் ஆய்வு நூலில், திண்ணைப் பள்ளிகளில் நினைவு என்பது கற்றதைச் சேமிக்கும் பெட்டியாக மட்டும் இருக்கவில்லை, கற்கும் வழியாகவே இருந்தது என்று காட்டுகிறார். நெல்லளவையும் நிலத்தின் குழிக்கணக்கும் வாய்பாடாக நெஞ்சில் பதிந்தவன் களத்துமேட்டில் நின்று கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஊரார் முன்னிலையில் அவன் சொல்லும் கணக்கு சரியாக வர வேண்டும். அவனுக்கு இறுதித் தேர்வு அங்கேதான் நடந்தது.

13ஆம் நூற்றாண்டினதான நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் இதற்கு ஓர் அளவுகோலே தருகிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாக உள்வாங்கிக்கொண்டாலும் ஒருவனுக்குக் கிடைப்பது கல்வியின் கால் பங்கு. உடன் பயில்வோரோடு கலந்து பழகும்போது இன்னொரு கால் பங்கு. பிறருக்குச் செம்மையாக எடுத்துச் சொல்லும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கும் வந்து புலமை நிறைகிறது. இன்றைய கணக்கில் சொன்னால் வகுப்பில் கேட்டதற்கு 25, குழுவில் விவாதித்ததற்கு 25, பிறருக்கு விளக்கியதற்கு 50. இதைவிடத் துணிவான மதிப்பெண் பங்கீட்டை எந்தப் பாடத்திட்டக் குழுவும் இன்னும் முன்வைக்கவில்லை!

மூத்த மாணவன் இளையோர்க்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறை இந்தக் கருத்தின் நடைமுறை வடிவம் எனலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் வகுத்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணையின் பழக்கம் கடல் தாண்டிப் போன அந்தக் காலத்திலிருந்து சில பத்தாண்டுகளில், அங்கிருந்து தேர்வறை இங்கே வந்து சேர்ந்தது.

*

திண்ணைக்கு மேலே அவை இருந்தது. குற்றாலத்தில் இதற்கு நல்ல சான்று உண்டு. தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய திருக்குற்றாலக் குறவஞ்சி குற்றாலநாதர் கோயிலில் அரங்கேறியது. 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கர் அந்நூலுக்காகக் கவிராயர்க்கு நிலம் அளித்தார். அந்நிலத்துக்குக் ‘குறவஞ்சிமேடு’ என்று பெயர். ஒரு நூலுக்குக் கிடைத்த மதிப்பீடு நிலத்தின் பெயராகவே நின்றுவிட்டது.

அரங்கேற்றம் என்பது இன்று நாம் நடத்தும் நூல் வெளியீட்டு விழாவைப் போன்றதன்று. புலவர் பாட்டைச் சொல்வார், பொருள் சொல்வார், கேட்போர் தடைகளை எழுப்புவர், விடை சொல்லியாக வேண்டும். ஈற்றடி கொடுத்து உடனே வெண்பா பாடச் சொல்வதும் உண்டு. அவதானம் இதன் இன்னொரு வடிவம். நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தபோது, கேள்வி கேட்டவர்களும் பதில் சொன்னவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே கூட்டத்தின் கண் முன்னால் இருந்தனர். கேள்வி அற்பமானது என்றால் கூட்டம் சிரிக்கும். அப்போது கேட்டவருக்குத்தான் அவமானம்.

இதனை விளக்க வில்லிபுத்தூரார் பற்றி வழங்கும் கர்ணபரம்பரைக் கதை உதவும். வாதில் தோற்ற புலவரின் காதை அறுப்பது அவர் வழக்கமாம். அருணகிரிநாதர் வந்தபோது, தாம் தோற்றால் தம் காதுக்கும் அதே கதி என்று வில்லிபுத்தூரார் ஒப்பினார் என்றும், தோற்றபின் அருணகிரியார் அவரை மன்னித்து, அவ்வழக்கத்தை விடச் செய்தார் என்றும் கதை போகிறது. வரலாறாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவை என்ற அமைப்பைப் பற்றி நம் முன்னோர் என்ன நினைத்தார்கள் என்பதை இக்கதை இரண்டு வகையில் சொல்கிறது. முதலாவது, அவை கொடியதாகவும் இருக்கக்கூடும். இரண்டாவது, சோதிப்பவனும் தன் காதைப் பணயம் வைத்தாக வேண்டும்.

அவையின் இன்னொரு குறையைக் கதையில் தேட வேண்டாம்; கணக்கிலேயே இருக்கிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளைப் பற்றிய விவரம் கேட்டார். 1826இல் தொகுக்கப்பட்டபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகத் தெரிந்தது. அவர்களில் பெண்கள் 4,540 பேர். நூற்றுக்கு மூவர்கூட இல்லை. தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட குடிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை எட்டாத உயரத்தில்தான் இருந்தது. உள்ளே நுழையவே முடியாதவர்க்கு அளவுகோல் எத்தனை நுட்பமாக இருந்தால் என்ன?

*

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு அமைந்த அது, தொடக்கத்தில் பாடம் நடத்தும் நிறுவனமாக இருக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் வேலை. கற்பிப்பவர் ஒருவர், அளப்பவர் வேறொருவர் என்ற பிரிவினை இங்கே அதிகாரபூர்வமாகத் தொடங்கியது இதன் வழியாகத்தான். அத்தேர்வில் தேறிய முதற் பட்டதாரிகள் இருவர். அவருள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை.

அவரோடு இன்னொருவரை வைத்துப் பார்க்கலாம். உ.வே. சாமிநாதையர் பல்கலைக்கழகப் பட்டம் பெறவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880இல் தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தபோது, அங்கிருந்த ஆசிரியர்கள் கூடி, பாடல்களுக்குப் பொருள் சொல்லச் சொல்லியும் செய்யுள் இயற்றச் சொல்லியும் அவரைச் சோதித்தார்கள். அது அவை முறை. தாமோதரம் பிள்ளை வந்தது தேர்வறை வழி. 1887இல் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார்; அதே 1887இல் ஐயர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். இரண்டு வாசல்களில் நுழைந்தவர்களும் ஒரே மாதிரியான பணியைத்தான் செய்தார்கள். இன்றைய விதிகளின்படி கல்லூரி ஆசிரியர் பணிக்கு உ.வே.சா. விண்ணப்பம்கூடப் போட முடியாது என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எழுத்துத் தேர்வு உலகில் பரவிய காரணமும் அறியத்தக்கது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் வாய்மொழியாகக் கேட்டு மதிப்பிடும் வழக்கத்தை மாற்றி 1845இல் அச்சிட்ட வினாக்களுக்கு எழுதி விடையளிக்கச் செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம் என்பது அதன் வாதம். சீனாவில் சோங் அரச மரபின் காலத்திலேயே விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டியதோடு, கையெழுத்தை அடையாளம் காணாதிருக்க எழுத்தரைக் கொண்டு பிரதி எடுத்துத் திருத்துவோரிடம் தந்தார்கள். நம் பல்கலைக்கழகங்களில் பதிவெண்ணை மறைத்து டம்மி எண் போடுவது அதன் தூரத்து உறவுதான்.

இந்த மறைவின் அருமையை நாம் குறைத்துப் பேசலாகாது. தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றும் கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார் பலர். அத்தகைய வீட்டிலிருந்து வரும் ஒரு பெண்ணின் விடைத்தாள், எங்கோ ஒரு மையத்தில், அவள் பெயரும் ஊரும் சாதியும் தெரியாத ஒருவரின் கையில் போய்ச் சேருகிறது. அவள் தகப்பன் யார் என்று அங்கே கேட்பாரில்லை. அவை ஒருநாளும் அவளுக்குத் தராத நீதியை அந்த எண் தந்தது. தமிழ்நாட்டில் மூன்று தலைமுறைகளாகப் பொதுத்தேர்வு மதிப்பெண் ஏழை வீடுகளின் ஒரே பரிந்துரைக் கடிதமாக இருந்திருக்கிறது.

ஆனால் அதற்கு நாம் கொடுத்த விலையும் பெரிது. இங்கிலாந்தில் 1862 முதல், ஆய்வாளர் வந்து சோதிக்கும் நாளில் எத்தனை பிள்ளைகள் தேறுகின்றனர் என்பதைக் கொண்டு பள்ளிக்கு மானியம் தரும் முறை வந்தது. சென்னை மாகாணமும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதைக் கைக்கொண்டது. ஆசிரியர் சோறு மாணவன் அன்று சொல்லும் விடையில் தொங்கிற்று. அன்று தொடங்கியது எதிர்பார்க்கப்படும் வினாக்களின் ஆட்சி. தமிழ்ப் பாட்டு ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் என்று துண்டுபட்டது. மாணவன் எழுதியது ஏன் தவறு என்று அவனிடம் சொல்ல ஒருவரும் இல்லை. விடைத்தாள் போனது போனதுதான். எண் மட்டும் திரும்பி வந்தது.

*

இந்த வறட்சிக்கு எதிரான குரல் நம் பகுதியிலிருந்தே எழுந்தது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலியில் தம் வீட்டு முற்றத்தில் கூட்டிய வட்டத்தொட்டியும், பின்னாளில் அவர் வாழ்ந்த குற்றாலத்து இல்லமும் ஒருவகையில் பழைய அவையின் மறுபிறப்பு. ராஜாஜியும் கல்கியும் வந்து அமர்ந்து கேட்ட இடம் அது. பதவுரையும் இலக்கணக் குறிப்பும் கவிதையாகிவிடா என்பது அவர் வாழ்நாள் வாதம். பாட்டை மீண்டும் மீண்டும் சொல்லிச் சொல்லி, அதன் தாளமும் உணர்ச்சியும் கேட்பவருள் இறங்குகிறதா என்று பார்ப்பது அவர் வழி. கேட்டவன் முகமே அங்கே விடைத்தாள்.

எழுத்துத் தேர்வு தொடவே முடியாத ஒன்றை டி.கே.சி. அளந்தார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அதே டி.கே.சி.தான் கம்பராமாயணத்தில் தம் சுவைக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பர் பாடியவை அல்ல என்று ஒதுக்கினார், சொற்களையும் திருத்தினார். புலவருலகம் கொதித்தது. கம்பருக்கே இந்தக் கதி என்றால், அந்த முற்றத்தில் பேச அஞ்சும் ஒரு மாணவனின் கதி என்ன? ரசனையை அளவுகோலாகக் கொள்ளும்போது அளப்பவரின் விருப்பு வெறுப்பும் சேர்ந்தே வருகிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். டி.கே.சி. தம் தீர்ப்பைப் பலர் அறியச் சொன்னார், அச்சிலும் ஏற்றினார். அதனால் அவரை மறுக்க முடிந்தது. இன்றுவரை மறுத்துக்கொண்டும் இருக்கிறோம். 1954இல் அவர் மறைந்தபின் இந்தக் கூட்டங்களின் நினைவு எஞ்சியது. வகுப்பறைக்குள் அந்த முறை வரவில்லை.

*

பிறகு அரசே மாற்று முறைகளைக் கொண்டுவந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளை அட்டைகளை எடுத்து ஏணிப்படியில் தானே முன்னேறியது. திண்ணைப் பள்ளியின் மணலும் ஓலையும்போல, ஒரு படி முடிந்தால்தான் அடுத்த படி. 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. மேல்நிலை வகுப்பில் அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. கலைக் கல்லூரிகளில் 25க்கு 75 என்ற பங்கீடு பரவலாக இருக்கிறது. 2021இல் பெருந்தொற்றால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் 50 விழுக்காடும், பதினொன்றில் 20 விழுக்காடும், பன்னிரண்டில் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடும் எடுத்துக் கூட்டிச் சான்றிதழ் தந்தார்கள்.

நோக்கங்கள் நல்லவை. நடப்பில் என்ன ஆயிற்று என்பதை ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் அறிவோம். ஒப்படைப்பு என்ற பெயரில் ஒருவர் எழுதியதை நாற்பது பேர் படியெடுக்கிறார்கள். திட்டப்பணி கடைத்தெருவில் தயாராகிக் கிடைக்கிறது. அகமதிப்பீட்டு மதிப்பெண் சில இடங்களில் எல்லோருக்கும் ஒரே தொகையாக அள்ளி இறைக்கப்படுகிறது. சில இடங்களில் மாணவரை அடக்கிவைக்கும் கயிறாக ஆசிரியர் கையில் இருக்கிறது. எதிர்க்கேள்வி கேட்ட மாணவிக்கு ஏன் ஐந்து குறைந்தது என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை.

கோளாறு எங்கே இருக்கிறது? அவையில் எல்லாம் வெளிச்சத்தில் நடந்தது, சோதித்தவரும் சோதிக்கப்பட்டார். தேர்வறையில் எல்லாம் மறைவில் நடந்தது. அம்மறைவே மாணவரைக் காத்தது. இன்றைய அகமதிப்பீட்டில் ஆசிரியருக்கு மாணவர் யார் என்று தெரியும். ஆகவே மறைவு தரும் காப்பு இல்லை. தீர்ப்போ ஆசிரியர் அறைக்குள் எழுதப்படுகிறது. ஆகவே அவையின் வெளிச்சமும் இல்லை. இரண்டு முறைகளின் நன்மையையும் சேர்க்கப் போய், இரண்டின் காவலையும் இழந்து நிற்கிறோம். மாற்று மதிப்பீடு தோற்றதாகச் சிலர் சொல்லும்போது, தோற்றது அந்த முறையா, அதைச் சுற்றி நாம் அமைக்கத் தவறிய அவையா என்று கேட்க வேண்டும்.

2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தேர்வு எழுதியவர் தம் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பார்க்கலாம் என்று தீர்ப்பளித்தது. மறைந்து கிடந்த தேர்வறைக்குள் ஒரு சன்னல் திறந்தது. அகமதிப்பீட்டுக்கும் அப்படி ஒரு சன்னலை நாமே திறந்துவைக்க முடியும். அதற்கு நீதிமன்றம் வர வேண்டியதில்லை. கருத்தரங்கத் தாளை வகுப்பு முழுவதன் முன்னிலையில் படிக்கச் செய்து, உடன் பயில்வோர் கேள்வி கேட்கவைத்து, மதிப்பெண்ணையும் அதன் காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடலாம். திருத்திய ஒப்படைப்பை இரண்டு வரிக் குறிப்போடு திருப்பித் தரலாம். மாணவர் மறுத்துப் பேச ஒரு நாள் ஒதுக்கலாம். மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்ல முடியாத ஆசிரியர் அந்த மதிப்பெண்ணைப் போடாமல் இருப்பதே முறை. மேற்படிப்புக்கும் வேலைக்கும் வாசலாக நிற்கும் தேர்வுகளில் பெயர் மறைந்தே இருக்கட்டும். பீடி சுற்றும் வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் காப்பு இன்னும் தேவைப்படுகிறது.

பவணந்தியார் அரைப் பங்கை ஒதுக்கியது பிறர்க்கு எடுத்துரைக்கும் மாணவனுக்கு. அப்படி எடுத்துரைக்க எதிரே கேட்க ஆள் வேண்டும். நம் வகுப்பறைகளில் அறுபது பேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை வருகைப் பதிவேட்டு எண்களாக வைத்திருப்பதா, அவையாக்குவதா என்பது பல்கலைக்கழகச் சுற்றறிக்கைக்குக் காத்திராமல் நாம் எடுக்கக்கூடிய முடிவு.